இங்கிலாந்தில் மாப்பிள்ளை வீடு விசாரிக்கப் போனேன்

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பது பெரிய வேலை இல்லை. பஸ் ஏறி அந்த ஊருக்குப் போய், இறங்கிய இடத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்தால் போதும். ‘இன்னார் வீடு எது?’ என்று கேட்டால் வீட்டை மட்டும் காட்டமாட்டார்கள். பையன் என்ன வேலை பார்க்கிறான், குடிப்பானா, தங்கைக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, அவன் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் எந்த வரப்பில் தகராறு என்பதெல்லாம் டீ ஆறுவதற்குள் வந்துவிடும். என் அண்ணன் மகளுக்குப் பக்கத்து ஊரான போலகத்தில் ஒரு வரன் வந்தபோது நான்தான் போய் விசாரித்தேன். வேண்டாம் என்று திரும்பி வந்து சொன்னதும் நான்தான். அதனால் குடும்பத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு.

அந்தப் பெயர்தான் என்னை இங்கிலாந்துவரை கொண்டுபோய் விட்டது.

இது எண்பதுகளின் நடுவில் நடந்தது. நான் காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். நிலம் அம்பகரத்தூரில், குடியிருப்பு கோவில்பத்தில். என் ஒரே மகள் சுமதி புதுச்சேரியில் டாக்டருக்குப் படித்துவிட்டு, மேற்படிப்புக்காக வட இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பீட்டர் என்ற பள்ளிக்கூட வாத்தியாரைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாக எழுதினாள். நீங்கள் இருவரும் சம்மதிக்காமல் செய்துகொள்ள மாட்டேன் என்றும் எழுதியிருந்தாள். அந்த இரண்டாவது வரிதான் எங்களைத் தூங்கவிடவில்லை. மீறிக்கொண்டு போயிருந்தால் கோபித்துக்கொண்டு இருந்துவிடலாம். இவள் முடிவை எங்கள் கையில் கொடுத்துவிட்டாள்.

“நீங்க போயி விசாரிச்சிட்டு வாங்க. மனசுக்கு ஒப்பலைன்னா புள்ளைய கையோட அழைச்சிக்கிட்டு வந்துடுங்க” என்றாள் என் மனைவி கமலா.

“அங்க போயி யாருகிட்ட விசாரிக்கிறது?”

“அங்கயும் மனுசங்கதானே இருக்காங்க? கேளுங்க.”

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். பக்கத்துத் தெருவில் அப்படி ஒருவர் இருந்தார். அவரிடம் யோசனை கேட்டேன். “பிரான்சுன்னா நான் சொல்லுவேன். கடைக்குள்ள நொழைஞ்சா மொதல்ல வணக்கம் சொல்லணும், இல்லைன்னா கோவிச்சிக்குவாங்க. இங்கிலீஷ்காரங்க கோவிச்சிக்கிட்டாங்களா இல்லையான்னே ஒங்களுக்குத் தெரியாது. பாத்து நடந்துக்கங்க” என்றார். விமானப் பயணம் முழுக்க அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டு போனேன்.

லண்டனில் சுமதி வந்து அழைத்துக்கொண்டாள். வடக்கே போகும் ரயிலில் எங்களுக்கு எதிரே என் வயதுடைய ஒருவர் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம்தான் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது? எந்த ஊர் போகிறீர்கள் என்று கேட்டேன். சொன்னார். பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டேன். “இரண்டு” என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். சுமதி என் முழங்கையைக் கிள்ளினாள். காரைக்காலில் அம்பகரத்தூர் பஸ் ஏறினால் திருநள்ளாறு வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் தன் மூட்டுவலிக்குச் சாப்பிடும் மருந்தைக்கூடக் காட்டியிருப்பார். அந்தப் பெட்டியில் அத்தனை பேர் இருந்தும் காகிதம் திருப்பும் சத்தம்தான் கேட்டது. இவர்களிடமா விசாரிக்கப் போகிறேன் என்று அப்போதே பயம் வந்துவிட்டது.

சுமதி ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் ஒரு சிறிய வீட்டில் இருந்தாள். பீட்டர் வந்து பார்த்தான். உயரமான பையன். என் பெட்டியைத் தூக்கி வைத்தான், குளிர் எப்படி இருக்கிறது என்று கேட்டான், டீ குடித்தான், போனான். என்ன தெரிந்துகொள்ள முடியும் இதில்? ஞாயிற்றுக்கிழமை தன் பெற்றோர் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு வரும்படி அழைத்திருந்தான். அதற்குமுன் நம் வழியில் ஒருமுறை விசாரித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை சுமதிக்கு வேலை. கடைத்தெருவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு, அவர்கள் ஊருக்குப் போகும் பஸ்ஸைத் தேடிப் போனேன். நிறுத்தத்தில் நாலைந்து பேர் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு தள்ளித் தள்ளி நின்றார்கள். அது வரிசை என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் வந்ததும் நம் ஊர் வழக்கப்படி முதலில் தாவி ஏறினேன். ஏறும்போது ஒரு வயதான அம்மாளின் காலை மிதித்துவிட்டேன். “மன்னிக்கவும்” என்று அந்த அம்மாள் என்னிடம் சொன்னார்! மிதித்தது நான், மன்னிப்புக் கேட்டது அவர். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் போய் உட்கார்ந்த இடத்தைச் சுற்றிக் குளிர் கூடிவிட்டதுபோல் இருந்தது. நாலு பேர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இறங்க வேண்டும் என்றால் மணியை அழுத்த வேண்டும் என்பதும் தெரியாது. கண்டக்டர் என்று ஒருவர் இல்லை. ஊர் என் கண்ணெதிரே பின்னால் போய்விட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மழையில் நனைந்துகொண்டே திரும்பி நடந்தேன்.

டீக்கடை இல்லை. பத்திரிகையும் மிட்டாயும் விற்கும் ஒரு சிறிய கடை இருந்தது. உள்ளே ஓர் அம்மாள். ஒரு பெரியவர் நாயோடு நின்றுகொண்டிருந்தார். பெப்பர்மின்ட் வாங்கிக்கொண்டு, ஆர்தர் குடும்பத்தைத் தெரியுமா என்று கேட்டேன். ஆர்தர் என்பது பீட்டரின் அப்பா பெயர்.

“அருமையானவர்கள்” என்றார் கடைக்கார அம்மாள்.

எனக்கு உயிர் வந்தது. சில்லறையைச் சரியாக எடுத்துக் கொடுத்தேன். “அருமை” என்றார். மழை விட்டுவிடும்போல் இருக்கிறது என்றேன். “அருமை, இல்லையா?” என்றார். பெப்பர்மின்டுக்கும் மழைக்கும் சம்பந்தி வீட்டுக்கும் ஒரே வார்த்தை. இதில் எதை எடுத்துக்கொள்வது?

“அவர்கள் பையன் எப்படி?” என்று நாய்க்காரரிடம் திரும்பினேன்.

அவர் நன்றாக யோசித்தார். “கெட்டவன் இல்லை” என்றார்.

நம் ஊரில் ஒருவனைப் பற்றி ‘கெட்டவன் இல்லை’ என்று சொன்னால், அவன் கெட்டவன்தானா என்று ஏற்கெனவே ஊர் பேசி முடித்திருக்கிறது என்று அர்த்தம். வட இங்கிலாந்தில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்று சுமதி வெகுநாள் கழித்துச் சொன்னாள். அப்போது யார் எனக்குச் சொல்வது?

“நீங்கள் யார் என்று தெரிந்துகொள்ளலாமா?” என்று அந்த அம்மாள் கேட்டார். இந்தியாவிலிருந்து வருகிறேன் என்றேன். “அருமை” என்றார், இந்தத் தடவை சிரிக்காமல். வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்ததும் வானத்தைப் பார்த்தார்கள்.

இந்தச் செய்தி ஆர்தர் வீட்டுக்குப் போயிருக்குமா? திரும்பும் வழியெல்லாம் அதே கவலை.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஆர்தரும் அவர் மனைவி ஜோனும் நின்று வரவேற்றார்கள். நான் வழக்கப்படி செருப்பு விடும் நினைப்பில் ஷூவைக் கழற்றினேன். என் காலுறையில் கட்டைவிரல் பக்கம் ஓர் ஓட்டை. ஜோன் அதைப் பார்க்கவில்லை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, தானும் ஷூவைக் கழற்றினார். அப்புறம் ஆர்தர், பீட்டர், சுமதி. அந்தக் குளிரில் எல்லோரும் காலுறையோடு உட்கார்ந்திருந்தோம். யார் வீட்டு வழக்கத்துக்காக யார் கழற்றியது என்று யாரும் பேசவில்லை.

“எங்கள் ஊர்ப் பக்கம் வருவது இதுதான் முதல் தடவையா?” என்று ஆர்தர் கேட்டார்.

“ஆமாம், முதல் தடவை” என்று எனக்காகச் சுமதி பதில் சொன்னாள். ஆர்தர் தலையை ஆட்டினார். அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவருக்குத் தெரியுமா தெரியாதா?

மாட்டுக்கறி சாப்பிடமாட்டோம் என்று தெரிந்து கோழி சமைத்திருந்தார்கள். உருளைக்கிழங்கும் காரட்டும் இருந்தன. “இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு?” என்று ஜோன் கேட்டார். வேண்டாம் என்றேன். முதல் தடவை கேட்கும்போது வேண்டாம் என்பதுதானே மரியாதை? இரண்டாம் தடவை கையால் இலையை மறைத்துக்கொள்வோம். மூன்றாவது தடவை அவர்களே போட்டுவிடுவார்கள். இங்கே இரண்டாவது தடவை வரவில்லை. பாத்திரம் மேசையைச் சுற்றிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டது. பசியோடு அதன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனிச் சும்மா இருந்தால் கமலாவிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. ஆர்தரிடம் என்ன வேலை பார்த்தீர்கள், என்ன சம்பளம் வாங்கினீர்கள் என்று கேட்டேன். வேலையைச் சொன்னார். சம்பளத்துக்குப் பதிலாக, மழை குறைகிறது என்றார். ஜோனின் வயதைக் கேட்டேன். பீட்டர் இருமினான். அப்போதுதான் குளிர்காயும் கணப்பின்மேல் இருந்த போட்டோவைப் பார்த்தேன். சின்னப் பையனாகப் பீட்டர், அவன் தோளில் கை போட்டுக்கொண்டு அவனைவிட மூத்த ஒரு பெண். பீட்டர் ஒரே பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“அந்தப் பெண் யார்?”

கரண்டிச் சத்தம் நின்றது.

“அது மார்கரெட்” என்றார் ஜோன். உடனே எழுந்தார். “டீக்குத் தண்ணீர் வைக்கிறேன்.”

வெகுநேரம் அவர் அடுக்களையிலிருந்து வரவில்லை. டீ வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. எல்லோரும் அந்த டீயைப் புகழ்ந்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் சுமதி பொறுக்கமாட்டாமல் வெடித்தாள்.

“சம்பளத்த கேட்டீங்க, வயச கேட்டீங்க, போவட்டும். அந்தப் போட்டோவ ஏம்ப்பா கேட்டீங்க?”

“யாரு அது?”

“பீட்டரோட அக்கா.”

“எங்க இருக்கு அந்தப் பொண்ணு?”

“தெரியாது.”

“நீ கேக்கலியா?”

“ஒரு தடவ கேட்டேன். பீட்டர் மொகம் மாறிப் போச்சு. அப்புறம் கேக்கல. இங்க அப்படித்தாம்ப்பா. அவங்களா சொன்னா கேட்டுக்கணும்.”

“கட்டிக்கப் போற வீட்டுல ஒரு பொண்ணு என்ன ஆனான்னு தெரியாமயே கட்டிக்குவியா?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்சதூரம் போன பிறகு, “எனக்கும் பயமாத்தாம்ப்பா இருக்கு” என்றாள்.

கோபம் எல்லாம் வடிந்து எனக்குக் கிலி பிடித்தது அப்போதுதான். என் மகள் பயத்தை வெளியே சொல்கிறவள் இல்லை.

அடுத்த இரண்டு நாளும் வீட்டில் தனியாக இருந்துகொண்டு என்னென்னவோ நினைத்தேன். புத்தி கலங்கிய பெண்ணா? சிறையில் இருக்கிறாளா? இவர்களே துரத்திவிட்டார்களா? பெற்ற பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்கிறவர்கள் என் பெண்ணை எப்படி வைத்துக்கொள்வார்கள்? சுமதியைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்விடுவது என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன். அவளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி.

புதன்கிழமை காலையில் கதவு தட்டும் சத்தம். திறந்தால் ஆர்தர், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இந்தப் பக்கமாக வந்தேன்” என்றார். அவர் வீடு அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். சொல்லாமல் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாத நாடு அது. ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று நினைத்தேன்.

உள்ளே வரவில்லை. காரில் ஒரு சுற்றுப் போகலாமா என்றார். ஏறிக்கொண்டேன். ஊரைத் தாண்டி மரமே இல்லாத ஒரு மேட்டுக்குப் போய், சாலையோரமாக நிறுத்தினார். ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. என்னைப் பார்க்காமல் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“கடையில் எங்களைப் பற்றி விசாரித்தீர்கள் என்று கேள்விப்பட்டேன்.”

ஒருவழியாகச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்குமுன் விசாரிப்பது வழக்கம். விசாரிக்காமல் கொடுத்தால்தான் தகப்பனை ஊர் குறை சொல்லும். உங்களை அவமானப்படுத்த நினைக்கவில்லை.

“நீங்கள் செய்ததுதான் சரி” என்றார். “நான் அதைச் செய்யவில்லை.”

மார்கரெட்டின் கதையை அப்படித்தான் கேட்டேன். நல்ல மரியாதை தெரிந்த ஒருவனுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாள் டீ ஊற்றும்போது அவள் சட்டைக் கை மேலே ஏறியது. அங்கே தோல் கன்றிப்போயிருந்ததை ஜோன் பார்த்தார். அலமாரியில் இடித்துக்கொண்டேன் என்றாள் அவள். அடுத்தமுறை கதவு. அதற்கடுத்தமுறை படிக்கட்டு.

“கல்யாணமான பெண்ணின் வீட்டு விஷயத்தில் தலையிடக் கூடாது என்பார்கள் இங்கே. அவள் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவில்லை. ஒரு நாள் அவனை விட்டுவிட்டுப் போனாள். எங்களையும் சேர்த்து விட்டுவிட்டுப் போய்விட்டாள்.”

“நீங்கள் தேடவில்லையா?”

“தொந்தரவு செய்தமாதிரி ஆகிவிடும் என்று இருந்தோம். அவளாக வரட்டும் என்று இருந்தோம். வருஷங்கள் போய்விட்டன.” இஞ்சின் ஓடாத காரின் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். “கேளுங்கள். என் பையனைப் பற்றி என்ன தெரிய வேண்டுமோ கேளுங்கள்.”

கேட்டேன். குடிப்பானா? வெள்ளிக்கிழமைகளில் கொஞ்சம் பீர். கடன் இருக்கிறதா? கார் வாங்கிய கடன். குடும்பத்தில் நோய்? ஆர்தரின் அப்பாவுக்கு இதயம் பலவீனம். கோபம் வந்தால்?

“பேசமாட்டான். நாள் கணக்கில் பேசமாட்டான். அது என்னிடமிருந்து வந்தது. உங்கள் மகளை விடாமல் கேட்கச் சொல்லுங்கள்.”

“கை நீட்டுவானா?”

அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். “மாட்டான். ஆனால் அந்த மருமகனைப் பற்றியும் நான் அப்படித்தான் நினைத்தேன். அதனால் என் வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள். அவனையே கேளுங்கள்.”

அப்புறம் அவர் என்னை ஒன்று கேட்டார். உங்கள் வீட்டில் அவனை ஏற்றுக்கொள்வார்களா?

மழுப்பியிருக்கலாம். அந்த மனிதரிடம் முடியவில்லை. “என் அண்ணன் கல்யாணத்துக்கு வரமாட்டார். சொந்தத்தில் பாதிப்பேர் பேசுவார்கள். என் மனைவி பயந்துபோயிருக்கிறாள்” என்றேன்.

“ஜோனும்தான்” என்றார். வண்டியைக் கிளப்பினார்.

அன்று சாயங்காலம் சுமதியின் எதிரிலேயே பீட்டரை உட்காரவைத்து, கை நீட்டுவாயா என்று நேராகவே கேட்டேன். பையனுக்குக் காது சிவந்துபோனது. எழுந்து போய்விடுவானோ என்றுகூட நினைத்தேன். போகவில்லை. அக்காவின் வீட்டில் ஒரு விடுமுறையில் தங்கியிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட சத்தத்தைச் சொன்னான். அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. அதை யாரிடமும் சொன்னதில்லை. சுமதி எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் வெளியே வந்து குளிரில் கொஞ்சதூரம் நடந்துவிட்டு வந்தேன்.

சுமதியை அழைத்துக்கொண்டு வராமல்தான் ஊர் திரும்பினேன். எல்லாவற்றையும் கமலாவிடம் சொன்னேன். மார்கரெட் பேச்சு வந்தபோது முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. மறுநாள் காலை நான் ஆபீசுக்குச் சைக்கிளை எடுக்கும்போது வாசலுக்கு வந்தாள்.

“ஏங்க, தாலி கட்டுறப்ப மூணாவது முடிச்சு யாரு போடுறது?”

“நாத்தனாதான்.”

“அதத்தான் சொல்றேன். நாத்தனா இருக்கறப்ப வேற யாரையாவது போடச் சொல்ல முடியுமா? அந்தப் பொண்ணு எங்க இருந்தாலும் விசாரிச்சி அழைச்சிக்கிட்டு வரச் சொல்லுங்க. அது வந்தாத்தான் கல்யாணம்.”

இதை எப்படி இங்கிலாந்துக்குச் சொல்வது என்று எனக்கு ஒரே தவிப்பு. போனில் டிரங்க் கால் போட்டுச் சுமதியிடம் சொன்னேன். அவள் அழுதாளா சிரித்தாளா என்று அந்த இரைச்சலில் தெரியவில்லை.

சுமதி விஷயத்தைச் சொன்னதும் ஆர்தர் தன் தெருவில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாராம். எங்கள் மார்கரெட் எங்கே இருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாராம். மூன்றாவது வீட்டில் மார்கரெட்டோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு பெண் இருந்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. மார்கரெட் ஸ்காட்லாந்தில் இருக்கிறாள், ரயிலில் அரை நாள் பயணம். அந்தத் தோழிக்கு அது ஆரம்பத்திலிருந்தே தெரியும். தினம் காலையில் ஆர்தருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

“நீங்கள் கேட்கவே இல்லையே” என்றாளாம். “நானாக வந்து சொல்வது முறையில்லை என்று இருந்துவிட்டேன்.”

தை மாதத்தில் கல்யாணம். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே, மார்கரெட்டையும் சேர்த்து அவர்கள் நால்வரும் கோவில்பத்துக்கு வந்துவிட்டார்கள். மார்கரெட் ஒல்லியாக, நரை விழுந்து இருந்தாள். தாயும் மகளும் சண்டை போட்டிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அவர்கள் ஒருவருக்கொருவர் வழி விட்டார்கள். தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னார்கள். பார்க்கவே மூச்சு முட்டியது.

மதியம் கூடத்தில் இலை போட்டிருந்தோம். கமலா பரிமாறிக்கொண்டே வந்தவள் மார்கரெட்டின் முன்னால் நின்றாள்.

“ஏம்மா, ஒங்கம்மா மேல ஒனக்கு என்ன கோவம்?” என்றாள் தமிழில். என் பக்கம் திரும்பி, “சொல்லுங்க அத இங்கிலீஷ்ல” என்றாள்.

“அதெல்லாம் கேக்கக் கூடாது கமலா.”

“ஏன் கூடாது?”

எதிர் இலையிலிருந்து ஆர்தர் என்னைப் பார்த்தார். தமிழ் தெரியாவிட்டாலும் அவருக்குப் புரிந்திருந்தது. “கேளுங்கள்” என்றார்.

மொழிபெயர்த்தேன்.

மார்கரெட் கையில் இருந்த அப்பளத்தை இலையில் வைத்தாள். எங்களிடம் பேசவில்லை, தன் தாயிடம் பேசினாள். “நீ பார்த்தாய், அம்மா. என் கையைப் பார்த்தாய்.”

“பார்த்தேன்” என்றார் ஜோன்.

இருவரும் சோற்றுக் கையோடு எழுந்து கொல்லைப் பக்கம் போனார்கள். சுமதி பின்னாலேயே எழுந்திருக்கப் பார்த்தாள். கமலா அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். கிணற்றடியிலிருந்து முதலில் ஒரு குரல் உயர்ந்தது. அப்புறம் இரண்டு குரலும். இலைகளில் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. யாரும் அவர்களைக் கூப்பிடப் போகவில்லை.